விண்கதிர் கண்ட விக்டர் ஹெஸ்

உலகிற் பெரும்பொருள்கள் யாவும் பெருவாயில் வழியாகவே நம்மிடம் வந்து சேர்வனவல்ல. கதவின் சிறு துளையிற் புகும் ஒளிக்கீற்றொன்று, வெளியே ஞாயிறு எழுந்துவிட்டமையை அறைக்குள் இருப்பார்க்கு அறிவித்துவிடுகின்றது. விக்டர் பிரான்ஸ் ஹெஸ் என்னும் ஆஸ்திரிய நாட்டுப் பௌதிகப் பேராசிரியரின் வாழ்க்கை இவ்வுண்மைக்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும். பிறர் பொருட்படுத்தாத ஒரு சிறு கசிவை அவர் பொருட்படுத்தினார். அதன் பயனாக, விண்ணின் ஆழத்திலிருந்து இரவும் பகலும் நம் தலைமேற் பொழியும் ஒரு கதிர்மழையை மனிதகுலம் முதன்முதலாக அறிந்தது.

அக்கசிவு யாதெனின் கூறுவாம். மின்காட்டி என்னும் எளிய கருவியைப் பௌதிகம் பயில்வார் அனைவரும் அறிவர். கலமொன்றனுள் மெல்லிய இரு தகடுகள் தொங்கும். அவற்றிற்கு மின்னேற்றம் செய்யின், ஒன்றையொன்று தள்ளி விரிந்து நிற்கும். ஆயின், எத்துணை நன்றாக அதனைக் காப்பிட்டு மூடிவைப்பினும், நேரஞ் செல்லச் செல்ல அவ்வேற்றம் தானே கழியத் தகடுகள் மெல்ல ஒடுங்கும். 1785-ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு அறிஞர் கூலும் இதனைக் கண்டார். காரணம் எவர்க்கும் விளங்கவில்லை. நூறாண்டு கடந்து ரேடியக் கதிர்கள் வெளிப்பட்டபின்னர், மண்ணிலும் பாறையிலும் கலந்துள்ள ரேடியம் போன்ற பொருள்களின் கதிர்களே காற்றின் அணுக்களைப் பிளந்து மின்னேற்றத்தைக் கவர்கின்றன என்று அறிஞர் கருதி, வழக்குத் தீர்ந்ததென அமைந்தனர். தீராத பகுதி சிறிது எஞ்சியிருந்தது. அச்சிறு பகுதிக்கு உரியவராகவே ஹெஸ் தோன்றினார்.

அவர் 1883-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 24-ஆம் நாள், ஆஸ்திரியாவின் ஸ்டைரியா மாகாணத்தில், பெக்காவ் என்னும் ஊரையடுத்த வால்ட்ஸ்டைன் மாளிகையிற் பிறந்தார். மாளிகை அவர் குடும்பத்தார்க்கு உரியதன்று. தந்தையார் வின்சென்ஸ் ஹெஸ், ஒரு சிற்றரசரின் காடுகளைக் காக்கும் அலுவலராய் அங்கு வாழ்ந்தார். கிராட்ஸ் நகரிலே பள்ளிப்படிப்பையும் பல்கலைக்கழகப் படிப்பையும் முடித்த ஹெஸ், 1906-ஆம் ஆண்டில் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர்ப் பெர்லின் நகருக்குச் சென்று, டுரூடே என்னும் பேரறிஞரிடம் ஒளியியல் கற்க விரும்பினார். அவ்வாண்டிலேயே டுரூடே தம் உயிரைத் தாமே போக்கிக் கொண்டமையால் அவ்வழி அடைபட்டது. மனங்கலங்கிய இளைஞர் வியன்னாவை அடைந்து, எக்ஸ்னர், ஷ்வைட்லர் என்போரின் துணையால் கதிரியக்க ஆராய்ச்சியிற் புகுந்தார். அடைபட்ட ஒரு கதவே அவரைத் தமக்குரிய பாதையில் நிறுத்தியது எனலாம். 1910-ஆம் ஆண்டில் வியன்னாவில் ரேடிய ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டபொழுது, அதன் ஆசிரியர் ஸ்டெபான் மாயருக்கு உதவியாளராக ஹெஸ் அமர்ந்தார்.

அந்நாளில் தியோடோர் வுல்ப் என்னும் பௌதிக அறிஞர் ஒருவர் இருந்தார். அவர் இயேசு சபைத் துறவி. ஹாலந்து நாட்டு வால்கன்பர்க் கல்லூரியிற் பாடஞ் சொல்லி வந்தவர். எங்கும் எடுத்துச் செல்லத்தக்க நுண்ணிய மின்காட்டி ஒன்றை அவர் செய்தார். கதிர்கள் மண்ணிலிருந்தே எழுவனவாயின், உயரம் ஏற ஏற அவை குறைதல் வேண்டுமன்றோ? ஏறத்தாழ 80 மீட்டர் உயரத்திலேயே பாதியாகிவிடும் என்பது அக்காலத்தார் கணக்கு. 1910-ஆம் ஆண்டில் வுல்ப் பாதிரியார் பாரிஸ் நகரத்து ஐபெல் கோபுரத்தின் மீது தம் கருவியைக் கொண்டு ஏறினார். ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்திலும் கதிர்கள் பாதியளவாகக் கூடக் குறையவில்லை. இத்தாலியில் பாச்சினி என்பார் கடல்நீரினுள் கருவியை இறக்கிப் பார்த்தார்; நீருக்குள் கதிர்கள் குறைந்தமையால், மண்ணல்லாத வேறொரு மூலமும் உண்டென எண்ணினார். சுவிட்சர்லாந்தில் கோக்கல் என்பார் பலூனில் ஏறி அளந்தார். அவரும் எதிர்பார்த்த குறைவைக் காணவில்லை. எனினும், கருவியின் பிழையாக இருக்கலாம் என்று பலர் இவற்றைத் தள்ளிவிட்டனர்.

ஹெஸ் தள்ளவுமில்லை, உடனே கொள்ளவுமில்லை. அவரது தனிச்சிறப்பு இங்கேதான் விளங்குகின்றது. வானத்தில் ஏறுமுன் தரையிலே செய்யவேண்டிய வேலையை அவர் முதலிற் செய்தார். வலிமை மிக்க ரேடியத்தை ஓரிடத்தில் வைத்து, பல தூரங்களில் நின்று, அதன் கதிர்கள் காற்றில் எவ்வளவு தேய்கின்றன என்று தாமே அளந்தார். ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்திற்கு மேல் மண்ணின் கதிர்கள் சென்று சேரா என்று அதனால் உறுதிகொண்டார். அடுத்து, கருவியைத் திருத்தினார். உயரே காற்றின் அழுத்தம் குறையுமாதலின், அம்மாறுதல் உள்ளே தாக்காதவாறு, காற்றுப்புகாத கெட்டியான சுவர்களை உடைய மின்காட்டிகளை அமைத்துக்கொண்டார். ஒரு கருவி பொய் கூறினும் மற்றொன்று காட்டிக் கொடுக்குமென்று, ஒன்றுக்கு மூன்றாக எடுத்துச் சென்றார். இவ்வளவும் முடிந்த பின்னரே பலூனில் ஏறினார்.

1911-ஆம் ஆண்டில் இரண்டு முறையும், 1912-ஆம் ஆண்டில் ஏழு முறையும் அவர் விண்ணில் ஏறினார். அவற்றுட் பல இரவிலே நிகழ்ந்தவை. 1912 ஏப்ரல் 17-ஆம் நாள் நிகழ்ந்த ஏற்றம் குறிப்பிடத்தக்கது. அன்று சூரியகிரகணம். கதிர்கள் சூரியனிடமிருந்து வருவனவாயின், சந்திரன் அதனை மறைக்கும்பொழுது அவை குறையவேண்டும். ஹெஸ் கண்ணிமையாது கருவியை நோக்கினார், குறையவில்லை. ஆகவே சூரியன் இதற்கு மூலமாதல் இயலாது என்று கொண்டார். ஆயின், வியன்னாவில் அவருக்குக் கிடைத்தது நிலக்கரியிலிருந்து எடுக்கப்படும் விளக்கு வாயுவே. அது பலூனை மிக உயரே தூக்கும் ஆற்றலுடையதன்று. கதிர்கள் கூடுகின்றனவா, குறைகின்றனவா என்னும் ஐயத்தைத் தீர்க்க இன்னும் உயரே செல்லவேண்டியிருந்தது.

ஆகையால் அவர் பொஹீமியா நாட்டு ஆஸிக் என்னும் ஊருக்குச் சென்றார். 1912 ஆகஸ்டு 7-ஆம் நாள் காலை ஆறு மணி கடந்து சில நிமிஷங்களில், ஹைட்ரஜன் வாயு நிரப்பிய பலூன் ஒன்று அங்கிருந்து எழுந்தது. அதன் கூடையில் மூவர் இருந்தனர்: பலூனைச் செலுத்தும் ஒருவர், வானிலை குறிக்கும் ஒருவர், மின்காட்டிகளோடு ஹெஸ். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தொன்பது. பலூன் ஏற ஏற, முதலிற் கதிர்கள் சிறிது குறைந்தன. மண்ணின் கதிர்கள் பின்தங்கியமையால் இது நேர்ந்தது. ஆயிரம் மீட்டருக்கு மேல் அவை மறுபடியும் பெருகத் தொடங்கின. உயரத்தோடு பெருக்கமும் வளர்ந்தது. பலூன் 5,350 மீட்டர் உயரத்தை எட்டியது. அவ்விடத்துக் காற்றின் அழுத்தம் தரையிலுள்ளதில் ஏறத்தாழப் பாதியே; மூச்சுக்கும் அறிவுக்கும் அது சோதனையான இடம். அங்கும் ஹெஸ் எண்களைக் குறிப்பதை விட்டாரல்லர். கருவிகள் தரையிற் காட்டியதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு காட்டின. நண்பகலளவில் பலூன் ஜெர்மனியில், பெர்லினுக்குத் தென்கிழக்கே பீஸ்கோ என்னும் ஊரருகே இறங்கியது. அன்று காலை ஆறு மணி நேரத்தில் அம்மூவரும் நாட்டெல்லை ஒன்றைக் கடந்தனர்; மனித அறிவும் தன் பழைய எல்லை ஒன்றைக் கடந்தது.

மிகுந்த ஊடுருவும் ஆற்றலுடைய கதிர்கள் நம் காற்றுமண்டலத்திற்கு மேலிருந்து உட்புகுகின்றன என்று அவ்வாண்டு இறுதியில் ஹெஸ் வெளியிட்டார். கோல்ஹர்ஸ்டர் என்னும் ஜெர்மானியர் 1913, 1914-ஆம் ஆண்டுகளில் 9,000 மீட்டருக்கு மேலும் ஏறி அளந்து இதனை வலியுறுத்தினார். அப்பால் ஐரோப்பாவில் பெரும்போர் மூண்டது. பலூன்கள் வேறு காரியங்களுக்குப் போயின. போருக்குப்பின் அமெரிக்க அறிஞர் மில்லிகன் முதலில் ஐயுற்று, பின் தாமே அளந்து உடன்பட்டு, 1925-ஆம் ஆண்டில் இவற்றிற்குக் காஸ்மிக் கதிர்கள் என்று பெயரிட்டார். பெயர் பரவிய வேகத்தில் கண்டவர் பெயர் சிறிது காலம் மறைந்தே போயிற்று. ஒருவர் விதைக்க மற்றொருவர் பெயரெடுத்தல் உலகத்தில் புதிதன்று.

ஹெஸ் இதற்கிடையில் வேறொரு துறையில் உழைத்தார். 1920-ஆம் ஆண்டில் மேரி பெர்த்தா என்னும் அம்மையாரை மணந்தார். 1921 முதல் 1923 வரை அமெரிக்காவில் நியூஜெர்ஸி மாகாணத்தில், ரேடியம் எடுக்கும் கம்பெனி ஒன்றின் ஆராய்ச்சிச்சாலையைத் தலைமை தாங்கி நடத்தினார். கடிகார முகங்களில் இருளில் ஒளிரும் எண்களை எழுத ரேடிய வர்ணம் அக்கம்பெனியிற் பயன்பட்டது. தூரிகை முனையை உதட்டிலே கூராக்கி எழுதிய பெண்கள் பலர் பிற்காலத்திற் கொடிய நோய்க்கு ஆளாயினர். அவர்தம் வழக்கு 1928-ஆம் ஆண்டில் உலகறிந்தது. ரேடியத்தின் தீமையை அந்நாளில் அறிஞரும் முழுதுணர்ந்தாரல்லர். ஹெஸ்ஸும் அதற்குத் தப்பவில்லை. அப்பொருளைக் கையாண்டதனால் உண்டான புண்ணால், 1934-ஆம் ஆண்டில் தம் கட்டைவிரல் ஒன்றை இழந்தார்.

1925-ஆம் ஆண்டில் கிராட்ஸ் நகரிற் பேராசிரியராகிய ஹெஸ், 1931-ஆம் ஆண்டில் இன்ஸ்புருக் பல்கலைக்கழகத்திற்கு மாறினார். அந்நகருக்கு மேலே 2,300 மீட்டர் உயரத்தில் நிற்கும் ஹாபெலகார் மலையில், விண்கதிர்களை இடைவிடாது அளக்கும் நிலையம் ஒன்றை நிறுவினார். பலூன் சில மணி நேரமே உயரத்தில் நிற்கும். மலையோ என்றும் நிற்கும். ஒரு முறை கண்டது போதும் என்று அமையாது, ஆண்டாண்டாக அளந்து பார்க்கும் பொறுமையே அவரை அம்மலைக்கு ஏற்றியது. 1936-ஆம் ஆண்டிற்குரிய பௌதிக நோபெல் பரிசு அவருக்கும் கார்ல் ஆண்டர்சன் என்னும் அமெரிக்கருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஹெஸ் கண்ட கதிர்களினூடே 1932-ஆம் ஆண்டில் பாசிட்ரான் என்னும் புதிய துகளைக் கண்டவர் ஆண்டர்சன். பலூன் பயணத்திற்கும் பரிசுக்கும் இடையே இருபத்துநான்கு ஆண்டுகள் சென்றிருந்தன. பாச்சினி அப்பொழுது உயிரோடில்லை. கண்டுபிடிப்பின் பெருமையில் அவர்க்கும் வுல்ப், கோக்கல் என்போர்க்கும் உரிய பங்கை நாம் மறத்தலாகாது.

பெருமை வந்த ஈராண்டில் சோதனையும் வந்தது. 1938-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவிற் புகுந்தது. அப்பொழுது ஹெஸ் மீண்டும் கிராட்ஸ் நகரிற் பேராசிரியராக இருந்தார். அவர் ஆழ்ந்த கத்தோலிக்கப் பற்றுடையவர். வீழ்ந்த அரசுக்கு உறுதுணையாய் நின்றவர். அவர் மனைவியாரோ யூத மரபிற் பிறந்தவர். புதிய ஆட்சியார் கண்ணுக்கு இவை மூன்றும் குற்றங்களே. நோபெல் பரிசு பெற்ற பேராசிரியர், பதவியினின்றும் நீக்கப்பட்டார். சுவீடனில் இருந்த பரிசுப்பணத்தை ஜெர்மானியக் கடன்பத்திரங்களாக மாற்றுமாறும் வற்புறுத்தப்பட்டார். அக்காலத்திற் கல்விமான் பலர், பதவியைக் காத்துக்கொள்ளக் கொள்கையையும், சிலர் மனைவியையுங்கூடத் துறந்தனர். ஹெஸ் இரண்டையும் துறந்தாரல்லர். நாட்டையும் உடைமையையுமே துறந்தார். சிறைப்படுத்தப்படுவர் என்னும் எச்சரிக்கை கிடைத்தவுடன், கணவனும் மனைவியுமாகச் சுவிட்சர்லாந்துக்குத் தப்பிச் சென்றனர். அப்பொழுது அவருக்கு வயது ஐம்பத்தைந்து. ஓய்வை எண்ணத் தொடங்கும் வயதில், வெறுங்கையோடு வாழ்க்கையை மறுபடியும் தொடங்கவேண்டியதாயிற்று.

அவருக்குக் கதவு திறந்தது ஒரு மிஷன் கலாசாலையே. நியூயார்க் நகரில் இயேசு சபையார் நடத்தும் போர்டாம் பல்கலைக்கழகம், அவ்வாண்டிலேயே அவரைப் பேராசிரியராக ஏற்றுக்கொண்டது. வுல்ப் பாதிரியாரின் கருவியோடு ஆராய்ச்சியிற் புகுந்தவர், அப்பாதிரியாரின் சபையார் நிழலிலேயே இறுதிவரை வாழ்ந்தமை எண்ணி மகிழத்தக்கது. 1944-ஆம் ஆண்டில் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். ஜப்பான் மீது அணுகுண்டு வீசப்பட்டதன் பின்னர், பால் லுகர் என்னும் பாதிரியாரோடு சேர்ந்து, எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் மேன்மாடத்தில் கருவிகளை வைத்து, குண்டின் கதிர்த்தூள் காற்றில் வந்துளதா என்று அளந்தார். மனிதவுடலில் தங்கிய மிகச் சிறிதளவு ரேடியத்தையும் கண்டறியும் முறையொன்றையும் போர்டாமிற் சகஆசிரியரோடு வகுத்தார். கடிகாரப் பெண்களின் துயரை எண்ணுவார்க்கு இதன் பொருள் விளங்கும். வானத்துக் கதிரைக் கண்டறிந்த அதே நுண்ணிய கணக்கு, இப்பொழுது எளிய தொழிலாளியின் எலும்பிற் புகுந்த நஞ்சைக் கண்டறியப் பயன்பட்டது.

ஹெஸ் தம் இறைநம்பிக்கையை மறைத்தவரல்லர். அறிவுக்கும் பக்திக்கும் பகையில்லை என்பது அவர் கொண்ட கருத்து. 1946-ஆம் ஆண்டில் தம் விசுவாசத்தைப்பற்றிக் கட்டுரை ஒன்றும் வரைந்தார். ஆயினும், அளவையில் தெளியாத இடத்தை நம்பிக்கையால் நிரப்ப அவர் முயன்றதில்லை. இரண்டும் தத்தம் இடத்தில் நின்றன. 1955-ஆம் ஆண்டில் மனைவியார் மறைந்தார். தாமும் 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள், நியூயார்க்கையடுத்த மவுண்ட் வெர்னன் நகரில், எண்பத்தொன்றாம் வயதில் உயிர் நீத்தார்.

அவர் மறைந்தும் அவர் திறந்த வாயில் மூடவில்லை. விண்கதிர்களிற் பெரும்பாலன மின்னேற்றமுடைய துகள்கள் என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. அவை காற்றணுக்களை மோதி உடைக்கும்பொழுது வேறு பல துகள்கள் தோன்றுகின்றன. அவற்றுள் ஒன்று நியூட்ரினோ. அஃதாவது, மின்னேற்றமின்றி, ஏறத்தாழ எடையுமின்றி, பூமியையே ஊடுருவிச் செல்லவல்ல நுண்டுகள். அதனை 1930-ஆம் ஆண்டில் பவுலி என்பார் கருத்தளவிற் கூறினார். 1956-ஆம் ஆண்டில் ரெயின்ஸ், கோவன் என்போர் அணு உலையருகே கண்டனர். விண்கதிரால் காற்றில் உண்டாகும் நியூட்ரினோவோ, ஹெஸ் மறைந்த மறு ஆண்டாகிய 1965-இல் முதன்முதலாகப் புலப்பட்டது. அது புலப்பட்ட இடங்கள் இரண்டு: தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்று, மற்றொன்று நமக்கு அணித்தாகிய கோலார் தங்கவயல். தமிழ்நாட்டிலிருந்து சென்ற தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக உழைத்த அச்சுரங்கத்தில், இரண்டு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், பம்பாய் டாட்டா ஆராய்ச்சிக் கழகத்தாரும் ஜப்பானிய, ஆங்கில அறிஞரும் கூடி அதனைக் கண்டனர். விண்கதிரைத் தேடி ஹெஸ் வானத்தில் ஏறினார். அக்கதிரின் குழந்தையைத் தேடி அவர் வழிவந்தோர் பாதாளத்தில் இறங்கினர். மற்றைத் துகள்கள் மேலுள்ள பாறையில் தங்கிவிட, நியூட்ரினோ மட்டுமே அவ்வாழத்தைத் தடையின்றி அடையும் என்பதே அதற்குக் காரணம். 2001-ஆம் ஆண்டில் அச்சுரங்கம் மூடப்பட்டது. அதன் பெயரோ பௌதிக வரலாற்றில் நிலைத்தது.

1998-ஆம் ஆண்டில் ஜப்பானின் காமியோகா சுரங்கத்தில், இத்தகைய நியூட்ரினோக்கள் வழியிலேயே ஓர் இனத்திலிருந்து மற்றோர் இனமாக மாறுகின்றன என்று கண்டனர்; அதனால் அவற்றிற்குச் சிறிதேனும் எடையுண்டு என்பது உறுதியாயிற்று. ஆயினும் ஹெஸ் விட்டுச் சென்ற முதல் வினா இன்னும் முழுதும் தீரவில்லை. இக்கதிர்கள் எங்கிருந்து வருகின்றன? மின்னேற்றமுடைய துகள்கள் விண்ணின் காந்தப்புலங்களால் வழிவளைந்து, தம் பிறப்பிடத்தை மறைத்துவிடுகின்றன. நியூட்ரினோவோ வளையாது நேரே வரும். தென்துருவத்துப் பனிக்கட்டியின் ஒரு கன கிலோமீட்டரையே கருவியாக்கிய அறிஞர், தொலைவிண்ணிலிருந்து வரும் ஆற்றல்மிக்க நியூட்ரினோக்களை 2013-ஆம் ஆண்டில் அறிவித்தனர். 2017-ஆம் ஆண்டு செப்டெம்பர் 22-ஆம் நாள் வந்த ஒரு நியூட்ரினோ, ஓரியன் விண்மீன் குழுவின் பக்கத்துள்ள ஒரு தொலைவான மீன்மண்டலத்தைச் சுட்டியது. ஆப்பிரிக்காவின் நமீபியா நாட்டில் விண்ணின் பேராற்றற் கதிர்களை நோக்கும் தொலைநோக்கித் தொகுதிக்கு ஹெஸ்ஸின் பெயரே வழங்குகின்றது. 2012-ஆம் ஆண்டில், அவர் இறங்கிய பீஸ்கோவில் நூற்றாண்டு நினைவுப் பலகையும் நாட்டப்பெற்றது.

இவ்வாழ்க்கையிலிருந்து மாணாக்கராகிய நாம் கொள்ளத்தக்கது யாது? பலூனில் ஏறும் துணிவு சிலர்க்கே வாய்க்கும். ஏறுமுன் தரையில் அளந்து, கருவியைத் திருத்தி, ஒன்றுக்கு மூன்றாக வைத்துச் சரிபார்க்கும் நேர்மை எவர்க்கும் இயலும். சிறு கசிவையும் மறைக்காத அந்நேர்மையே, 1938-ஆம் ஆண்டிலும் அவரிடத்தில் தோன்றியது. தகட்டின் சிறு ஒடுக்கத்தைப் பார்த்தும் பாராதது போல் இருக்க மாட்டாதவர், தம் மனச்சான்றின் குரலைக் கேட்டும் கேளாதது போல் இருக்க மாட்டுவரோ? ஆராய்ச்சிச்சாலையில் ஒரு மனம், வீட்டில் ஒரு மனம் என இரண்டு அவர்க்கு இருந்ததில்லை. சிறியவற்றில் உண்மையாயிருக்கப் பழகிய நெஞ்சமே பெருஞ்சோதனையிலும் உண்மையாய் நிற்கும். அத்தகைய நெஞ்சத்தை இளமையிலேயே நாம் பெற இறைவன் அருள்புரிவாராக.